தாமஸ் மோர்: பேசாமல் இருந்ததற்காகத் தலை கொடுத்தவர்

மௌனம் சம்மதம் என்கிறோம். பெண் பார்க்கப் போன இடத்தில் பெண் தலை குனிந்து நின்றால், "அவளுக்குச் சம்மதம்தான்" என்று பெரியவர்களே முடிவு கட்டிவிடுவார்கள். இதே பழமொழி லத்தீனிலும் உண்டு. பழைய ஐரோப்பியச் சட்டத்தில் அது வெறும் பழமொழி இல்லை, வழக்காடும்போது எடுத்து நீட்டக்கூடிய விதி.

1535 ஜூலை 1ஆம் தேதி லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் ஒரு கைதி அந்த விதியை எடுத்து நீட்டினார். பதினான்கு மாதம் சிறையில் கிடந்து உடம்பு தளர்ந்துபோயிருந்தார். அவர்மேல் இருந்த குற்றச்சாட்டுகளில் ஒன்று, கேட்ட கேள்விக்கு அவர் பதில் சொல்லவில்லை என்பது. ராஜாதான் இங்கிலாந்துத் திருச்சபையின் தலைவர் என்று ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டார்கள், அவர் வாயே திறக்கவில்லை. அது துரோக மௌனம் என்றது அரசு தரப்பு. கைதியின் பதில் ஏறக்குறைய இப்படி: மௌனம் சம்மதம் என்றுதானே சட்டம் சொல்கிறது? அப்படியானால் நான் உங்கள் சட்டத்தை ஏற்றுக்கொண்டதாகத்தான் ஆகும், மறுத்ததாக எப்படி ஆகும்?

வாதம் கச்சிதம். ஆனாலும் ஐந்து நாள் கழித்து அவர் தலையை வெட்டினார்கள்.

அவர்தான் தாமஸ் மோர். மூன்று வருடம் முன்புவரை அதே நாட்டின் லார்டு சான்சலராக, அதாவது நீதித்துறையின் உச்சியில் இருந்தவர். 'உட்டோப்பியா' என்ற சொல்லை உலகுக்குக் கொடுத்த எழுத்தாளர். கத்தோலிக்கர்களுக்குப் புனிதர். அவரைத் தெரியாதவர்களுக்காக, தொடக்கத்திலிருந்து சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் காலம். டியூடர் என்பது ஓர் அரச குடும்பத்தின் பெயர். 1485இல் பாஸ்வொர்த் போரில் மூன்றாம் ரிச்சர்டைத் தோற்கடித்து ஏழாம் ஹென்றி முடிசூடியதில் தொடங்கி, 1603இல் முதலாம் எலிசபெத் இறந்ததோடு முடிகிறது. அதற்கு முந்தைய முப்பது வருடம், யாருக்கு முடி என்று பங்காளிகள் வெட்டிக்கொண்டு செத்த காலம். "வாரிசு தெளிவாக இல்லையென்றால் மறுபடியும் ரத்த ஆறுதான்" என்ற பயம் டியூடர்களுக்குக் கடைசிவரை போகவில்லை. மோர் காலத்து ராஜாவான எட்டாம் ஹென்றி ஆண் குழந்தைக்காக அத்தனை அலைந்ததைப் பெண்பித்து என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அதுவும் கொஞ்சம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை.

மோர் பிறந்தது 1478 பிப்ரவரியில், லண்டன் மில்க் தெருவில். அப்பா ஜான் மோர் வக்கீல், பின்னாளில் நீதிபதி. அந்தக் கால வழக்கப்படி பையனைப் பெரிய இடத்தில் ஏவலாளாகச் சேர்த்தார்கள்: கேன்டர்பரி பேராயர் ஜான் மார்ட்டன் வீட்டில், பன்னிரண்டு வயதில். சாப்பாட்டு மேசையில் பரிமாறுவது வேலை. கிறிஸ்துமஸ் சமயத்தில் அங்கே நாடகம் நடக்கும்போது, இந்தப் பையன் ஒத்திகை எதுவும் இல்லாமல் நடிகர்களுக்கு நடுவே புகுந்து, தானாக வசனம் கட்டிப் பேசி எல்லோரையும் சிரிக்க வைப்பானாம். "இங்கே பரிமாறுகிற இந்தப் பிள்ளை பெரிய ஆளாக வருவான், பார்த்துக்கொண்டே இருங்கள்" என்று மார்ட்டன் விருந்தாளிகளிடம் சொன்னதாக மோரின் மருமகன் வில்லியம் ரோப்பர் எழுதி வைத்திருக்கிறார். மோரின் வீட்டு வாழ்க்கையைப் பற்றி நாம் இன்று அறிவதில் பெரும்பகுதி இந்த மருமகன் புண்ணியத்தில்தான். மாமனார்மேல் அளவு கடந்த பக்தி உள்ளவர் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு அவரைப் படிக்க வேண்டும்.

அப்புறம் ஆக்ஸ்போர்டில் இரண்டு வருடம், பிறகு அப்பா வழியில் சட்டப் படிப்பு. இடையில் ஒரு தடுமாற்றம். கார்த்தூசியன் என்ற கடுந்தவத் துறவிகளின் லண்டன் மடத்தருகே தங்கி, சில வருடம் அவர்களோடு ஜெபித்து வந்தார். துறவியாகிவிடலாமா என்று யோசித்து, கடைசியில் கல்யாணம் செய்துகொண்டார். ஆனால் அந்த மடத்து வாசனை போகவே இல்லை. பட்டும் பொன் சங்கிலியும் அணிந்து அரசவைக்குப் போன காலத்திலும், உள்ளே உடம்பை உறுத்தும் முரட்டு ரோமச் சட்டை போட்டிருந்தார். அதைத் துவைத்துக் கொடுத்த மூத்த மகள், ரோப்பரின் மனைவி மார்கரெட்டுக்குத்தான் அந்த ரகசியம் தெரியும்.

முதல் மனைவி ஜேன் நான்கு குழந்தைகளை விட்டுவிட்டு 1511இல் இறந்துபோனார். ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஆலிஸ் என்ற விதவையை மோர் மறுமணம் செய்தார். ஊர் வாய் சும்மா இருந்திருக்காது. ஆனால் ஆலிஸ் அந்தப் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினார். பெண் பிள்ளைகளுக்கும் லத்தீனும் கிரேக்கமும் வானியலும் சொல்லிக் கொடுத்த வீடு அது. மார்கரெட் தன் பத்தொன்பதாவது வயதில் எராஸ்மஸ் எழுதிய லத்தீன் நூல் ஒன்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து அச்சிலும் வந்துவிட்டது.

எராஸ்மஸ் என்றால், அன்றைய ஐரோப்பாவின் மிகப் பெரிய அறிஞர், மோரின் நெருங்கிய நண்பர். மோர் வீட்டில் தங்கியிருந்தபோது அவர் எழுதிய கேலி நூலின் லத்தீன் தலைப்பை 'மடமையின் புகழ்' என்றும் படிக்கலாம், 'மோரின் புகழ்' என்றும் படிக்கலாம். கிரேக்கத்தில் 'மோரோஸ்' என்றால் முட்டாள். நண்பர்கள் இருவருக்கும் இந்த மாதிரிச் சிலேடையில் தனி ருசி.

அதே ருசிதான் 'உட்டோப்பியா'விலும். 1515இல் வணிகப் பேச்சுவார்த்தைக்காக மோரை பிளாண்டர்ஸுக்கு அனுப்பினார்கள். பேச்சு நடுவில் நின்றுபோக, சும்மா இருந்த நாட்களில் எழுதத் தொடங்கிய லத்தீன் நூல் இது. 1516இல் லூவேன் நகரில் அச்சாயிற்று. 'ஊ' என்றால் இல்லை, 'தோபோஸ்' என்றால் இடம். ஆக, இல்லாத ஊர். காதில் விழும்போது அதுவே 'நல்ல இடம்' என்றும் ஒலிக்கும். அந்த ஊரைப் பார்த்துவிட்டு வந்ததாகக் கதை சொல்கிற மாலுமியின் பெயர் ஹித்லோதே, அதாவது பிதற்றல் வியாபாரி. அந்த ஊர் ஆற்றின் பெயருக்கு 'தண்ணீர் இல்லாதது' என்று பொருள். இத்தனை எச்சரிக்கைப் பலகை வைத்த பிறகும் அதை மோரின் கொள்கை அறிக்கையாகவே படிக்கிறவர்கள் உண்டு.

ஊர் எப்படி என்றால், 54 நகரங்கள். எல்லோருக்கும் தினமும் ஆறு மணி நேர வேலை. சொந்தச் சொத்து கிடையாது. வீட்டுக் கதவுக்குப் பூட்டு கிடையாது. தங்கத்துக்கு மதிப்பே இல்லை. அதில் மூத்திரச் சட்டியும் அடிமைகளுக்கு விலங்கும் செய்கிறார்கள். முத்தும் வைரமும் குழந்தைகள் விளையாடித் தூக்கிப் போடுகிற சாமான். இங்கே ஒரு காட்சி வருகிறது. வெளிநாட்டுத் தூதர்கள் பந்தாவாகத் தங்கச் சங்கிலியும் நகைகளும் பூட்டிக்கொண்டு ஊர்வலம் வருகிறார்கள். எளிய உடை போட்ட வேலைக்காரர்களைப் பெரிய மனிதர்கள் என்று நினைத்து ஊர் மக்கள் கும்பிடுகிறார்கள், தூதர்களை அடிமைகள் என்று நினைத்துக் கண்டுகொள்ளவில்லை. ஒரு பையன் அம்மாவை இடித்து, "இவ்வளவு வளர்ந்த தடியன் இன்னும் சின்னப் பிள்ளை மாதிரி முத்து போட்டிருக்கிறான் பார்" என்கிறான். அம்மா சொல்கிறாள்: "சும்மா இருடா, தூதர் கூட வந்த கோமாளியாக இருக்கும்."

சிரிப்போடு நெருப்பும் உண்டு. கம்பளி விலை ஏறியதால் பெரிய பண்ணையார்கள் விளைநிலத்தை வேலி போட்டு மேய்ச்சலுக்கு விட்டார்கள். உழுதவர்கள் தெருவுக்கு வந்தார்கள், திருடினார்கள், தூக்கில் தொங்கினார்கள். சாதுவான ஆடு இங்கிலாந்தில் மனிதனையே தின்கிறது என்று அந்த மாலுமி சொல்கிறான். சாப்பாட்டுக்கு வழி இல்லாமல் செய்துவிட்டு, திருடினான் என்று தூக்கில் போடுவது என்ன நியாயம் என்று கேட்கிறான். 1918இல் மாஸ்கோவில் புரட்சிச் சிந்தனையாளர்களின் பெயரைக் கல்லில் பொறித்தபோது மார்க்ஸ், எங்கெல்ஸ் வரிசையில் மோர் பெயரையும் சேர்த்தார்கள் என்றால், இந்தப் பக்கங்களால்தான். போப் எனப்படும் திருத்தந்தையும் சோவியத் அரசும் சேர்ந்து மாலை போட்ட மனிதர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள்.

இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். உட்டோப்பியாவில் யார் எந்த மதத்தையும் பின்பற்றலாம். அடிதடி, வசவு இல்லாமல் எடுத்துச் சொல்லி மனம் மாற்றலாம், அவ்வளவுதான். நூலில் அப்படி எழுதியவர், நிஜத்தில் வேறு மாதிரி நடந்தார்.

மோரின் அரசு வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஹென்றியின் ஆலோசனைக் குழுவில் சேர்ந்தது, சர் பட்டம், 1523இல் நாடாளுமன்ற சபாநாயகர், 1529 அக்டோபரில் லார்டு சான்சலர். சபாநாயகராக அவர் வைத்த வேண்டுகோள் குறிப்பிடத்தக்கது: உறுப்பினர்கள் மனதில் பட்டதைப் பயமில்லாமல் பேச அனுமதி வேண்டும் என்று ராஜாவிடமே கேட்டார். சான்சலரான பிறகும், தன் நீதிமன்றத்துக்குப் போகும் வழியில் அப்பா நீதிபதியாக உட்கார்ந்திருக்கும் மண்டபத்தில் நுழைந்து, எல்லோர் முன்னாலும் முழங்காலிட்டு ஆசி வாங்கிவிட்டுத்தான் போவாராம். மகனுக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது.

ராஜாவுக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் செல்சியில் இருந்த மோர் வீட்டுக்குச் சாப்பிட வந்துவிட்டு, தோட்டத்தில் ஒரு மணி நேரம் அவர் கழுத்தில் கை போட்டபடி உலாவினார். மருமகன் ரோப்பருக்குப் பெருமை தாங்கவில்லை. மோர் சொன்னார்: பெருமைப்பட ஒன்றுமில்லை, என் தலையைக் கொடுத்தால் பிரான்சில் ஒரு கோட்டை கிடைக்கும் என்றால் இந்தத் தலை தப்பாது. இது நட்பு உச்சத்தில் இருந்த காலத்துப் பேச்சு.

சரி, கல்யாணக் கதைக்கு வருவோம். பலர் குழம்புவது இங்கேதான்.

ஹென்றியின் மனைவி கேத்தரின், முன்பு அவருடைய அண்ணன் ஆர்தரின் மனைவி. கல்யாணமாகி சில மாதத்தில் ஆர்தர் இறந்துவிட்டார். அண்ணன் மனைவியை மணக்கத் திருச்சபைச் சட்டத்தில் தடை இருந்ததால், திருத்தந்தை இரண்டாம் ஜூலியஸ் சிறப்பு அனுமதி கொடுத்தார். 1509இல் கல்யாணம். பிழைத்த குழந்தை மேரி ஒருத்திதான். வருடங்கள் ஓட, ஆன் போலின்மேல் ராஜாவுக்கு மனம் போயிற்று. "அண்ணன் மனைவியை மணந்தால் குழந்தை இருக்காது" என்ற பழைய ஏற்பாட்டு வரி சரியாக அந்த நேரத்தில் கண்ணில் பட்டது. கத்தோலிக்கத் திருமணத்தில் விவாகரத்து கிடையாது. அதனால் ஹென்றி கேட்டது விவாகரத்து இல்லை. "திருத்தந்தை கொடுத்த அனுமதியே தப்பு, ஆகவே இந்தக் கல்யாணம் முதலிலிருந்தே செல்லாது என்று அறிவியுங்கள்" என்று கேட்டார். முன்னவர் கொடுத்த அனுமதி செல்லாது என்று பின்னவர் சொல்ல வேண்டும். போதாததற்கு கேத்தரினின் அக்கா மகன் பேரரசர் ஐந்தாம் சார்லஸ். 1527இல் அவருடைய படைதான் ரோமைச் சூறையாடித் திருத்தந்தையைக் கையில் வைத்திருந்தது. காரியம் நடக்குமா?

நடக்கவில்லை. ரோம் தராத தீர்ப்பை இங்கிலாந்திலேயே வாங்க, ரோமின் அதிகாரத்தை இங்கிலாந்தில் இல்லாமல் ஆக்குவது என்று ஹென்றி முடிவு செய்தார். இதில் ஒரு வேடிக்கை. திருச்சபையை எதிர்த்துக் கிளம்பிய ஜெர்மன் துறவி லூத்தரை எதிர்த்து 1521இல் இதே ஹென்றி ஒரு புத்தகம் எழுதி, 'விசுவாசக் காவலர்' என்ற பட்டத்தைத் திருத்தந்தையிடமிருந்து வாங்கியிருந்தார். அந்தப் புத்தகத்தை ஒழுங்குபடுத்த உதவியவர் மோர். திருத்தந்தையின் அதிகாரத்தை இவ்வளவு தூக்கிப் பேச வேண்டாமே, நாளைக்கு அரசியல் தகராறு வந்தால் சிக்கலாகும் என்று அப்போது தடுத்தவரும் மோர்தான். கேட்காதவர் ஹென்றி. அந்தப் பட்டத்தின் சுருக்கெழுத்து பிரிட்டிஷ் நாணயங்களில் இன்றும் இருக்கிறது.

1532 மே 15ஆம் தேதி இங்கிலாந்து ஆயர்கள் (பிஷப்புகள்) ராஜாவுக்குப் பணிந்தார்கள். மறுநாள் மோர் சான்சலர் பதவிக்கான முத்திரையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார். உடல்நிலை சரியில்லை என்று காரணம் சொன்னார். அடுத்த வருடம் ஆன் போலின் முடிசூட்டு விழாவுக்கு அவர் போகவில்லை. அது எல்லோர் கண்ணிலும் பட்டது.

இங்கே கொஞ்சம் நின்று ஒரு கசப்பான விஷயத்தைப் பார்த்துவிட வேண்டும். புனிதர் வரலாறுகளில் இதை அவசரமாகத் தாண்டிவிடுவார்கள்.

பதவியில் இருந்த காலத்தில் மோர் பதிதர்களை விரட்டி வேட்டையாடினார். திருச்சபைக் கொள்கையை மறுத்துப் பேசுகிறவர்களுக்குப் பழைய கத்தோலிக்கத் தமிழில் 'பதிதர்' என்று பெயர். லூத்தரின் கருத்துகளையும், வில்லியம் டின்டேல் ஆங்கிலத்தில் பெயர்த்த புதிய ஏற்பாட்டையும் ரகசியமாக இறக்குமதி செய்தவர்கள், விற்றவர்கள், படித்தவர்கள்தான் இவர்கள். மோர் சான்சலராக இருந்தபோது ஆறு பேர் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். அவர்களில் சிலருடைய விசாரணையில் அவருக்கு நேரடிப் பங்கு உண்டு. டின்டேலுக்கு எதிராக அவர் எழுதிய பக்கங்கள் ஏராளம், சில பக்கங்களில் வசவு காது கூசும். கைதிகளைத் தன் தோட்டத்து மரத்தில் கட்டி அடித்தார் என்ற குற்றச்சாட்டை அவரே எழுத்தில் மறுத்தார். இரண்டு பேரை அடிக்கச் சொன்னேன், அவ்வளவுதான் என்றார். எரித்ததற்கு அவர் வருத்தம் தெரிவிக்கவே இல்லை.

அப்படியானால் மனசாட்சிக்காக உயிர் கொடுத்தவர், மற்றவர்கள் மனசாட்சியை ஏன் எரித்தார்? இதை முரண்பாடு என்று பலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நமக்கு மனசாட்சி என்றால் உள்ளே தனியாகப் பேசும் குரல்: "எனக்குச் சரி என்று பட்டது, செய்தேன்." மோருக்கு அது தனிக்குரல் இல்லை. ஆயிரத்தைந்நூறு வருடக் கிறிஸ்தவ உலகம் ஒன்றுகூடி ஏற்றுக்கொண்ட உண்மை என்று ஒன்று இருக்கிறது, அதைக் கற்றுக்கொண்டு அதற்கு ஏற்ப நிற்பதுதான் மனசாட்சி. ஒரு டின்டேல் தனியாக எழுந்து அதை மறுத்தால் தப்பு. ஒரு ராஜாவும் ஒரு நாட்டு நாடாளுமன்றமும் தனியாக எழுந்து மறுத்தாலும் அதே தப்பு. பதிதரை எரித்தபோதும் தான் தலை கொடுத்தபோதும் அவர் கையில் இருந்தது ஒரே அளவுகோல். இப்படிச் சொல்வதால் எரித்தது நியாயமாகிவிடாது, எரிந்தவர்களும் அவரவர் மனசாட்சிக்காகத்தான் எரிந்தார்கள். ஆனால் அவரை இன்றைய கருத்துச் சுதந்திரப் போராளியாக வேஷம் கட்டி நிறுத்தினால் ஆளே மாறிப்போவார்.

1534 மார்ச்சில் வாரிசுச் சட்டம் வந்தது. கேத்தரினின் திருமணம் செல்லாது, ஆன் போலின் வயிற்றுப் பிள்ளைகளே வாரிசு, இதை ஏற்று எல்லோரும் பிரமாணம் செய்ய வேண்டும். ஏப்ரல் 13ஆம் தேதி மோரை லேம்பெத் மாளிகைக்குக் கூப்பிட்டார்கள். அது பேராயர் மாளிகை. சின்ன வயதில் அவர் பரிமாறிய அதே வீடு. அன்றைக்கு வந்தவர்களில் குருவாக, அதாவது பாதிரியாராக, இல்லாதவர் அவர் ஒருவர்தான்.

அன்று செல்சியிலிருந்து கிளம்பும்போது, வழக்கமாகப் படித்துறை வரை வந்து முத்தம் வாங்கிக்கொள்ளும் மனைவியையும் பிள்ளைகளையும் வர விடவில்லை. தோட்டத்துக் கதவைத் தன் பின்னால் இழுத்துச் சாத்திவிட்டுப் படகில் ஏறினார். கொஞ்ச நேரம் எதுவும் பேசாமல் இருந்தவர், ரோப்பர் காதில் மெதுவாக, கடவுளுக்கு நன்றி, போர் ஜெயமாகிவிட்டது என்றார். மருமகனுக்கு ஒன்றும் புரியவில்லை, புரிந்த மாதிரி தலையாட்டிவைத்தார்.

லேம்பெத்தில் நடந்ததை மோரே மகளுக்குக் கடிதமாக எழுதியிருக்கிறார். பிரமாணத்தையும் சட்டத்தையும் கேட்டு வாங்கி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் படித்தாராம். வக்கீல் புத்தி! வாரிசு யார் என்று சத்தியம் செய்ய எனக்குத் தடையில்லை, இந்தப் பிரமாணத்தை இந்த வடிவில் செய்ய முடியாது என்றார். அடுத்த ராஜா யார் என்று தீர்மானிப்பது நாடாளுமன்றத்தின் வேலை, அதில் அவருக்கு மறுப்பில்லை. ஆனால் பிரமாணத்தின் வாசகம் சட்டம் முழுவதையும் ஏற்கச் சொன்னது. கேத்தரின் கல்யாணத்துக்குத் திருத்தந்தை கொடுத்த அனுமதி செல்லாது என்பதும் அதில் அடக்கம். ஏன் முடியாது என்ற காரணத்தை மட்டும் அவர் சொல்லவே இல்லை. சொன்னால் ராஜாவுக்கு இன்னும் கோபம் வரும் என்றார். செய்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன் என்றும் சொன்னார்.

யோசித்துப் பாருங்கள் என்று வெளியே அனுப்பினார்கள். தோட்டத்துக்குப் போகச் சொன்னபோது வெயிலைச் சாக்காகச் சொல்லி ஓர் அறையில் உட்கார்ந்துகொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்தார். கீழே குருக்கள் கூட்டம். லாட்டிமர் என்ற போதகர் கலகலவென்று சிரித்துக்கொண்டு, ஒன்றிரண்டு பேர் கழுத்தில் கை போட்டபடி உலாவினார். பிரமாணத்தை முடித்துக்கொண்டு வந்த இன்னொரு குரு, பேராயரின் சரக்கறைக்குப் போய் உரிமையோடு மது கேட்டு வாங்கிக் குடித்தார். உயிர் ஊசலாடிய அந்த மணி நேரத்தில் இதையெல்லாம் கவனித்து, நையாண்டியாக எழுத அவருக்கு மனம் இருந்திருக்கிறது.

பேராயர் கிரான்மர் நல்ல மடக்கு ஒன்று போட்டார். செய்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன் என்கிறீர்கள், அப்படியானால் இது தப்பா சரியா என்பதில் உங்களுக்கே உறுதி இல்லை. ராஜாவுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்பது மட்டும் உறுதி. சந்தேகமானதை விட்டுவிட்டு உறுதியானதைச் செய்யலாமே? மோர் ஒரு கணம் திகைத்ததை மறைக்கவில்லை. பிறகு, என் மனசாட்சிக்கு இது ராஜாவுக்குக் கீழ்ப்படியக் கூடாத விஷயங்களில் ஒன்று என்றார்.

நான்கு நாளில் லண்டன் டவரில் அடைத்தார்கள்.

அங்கே பார்க்க வந்த ஆலிஸ் பொரிந்து தள்ளிவிட்டார். இத்தனை நாள் புத்திசாலி என்று பேர் வாங்கிவிட்டு, எலிகளோடு இந்த நாற்றத்தில் கிடக்கிறீர்களே, செல்சியில் வீடு, புத்தகம், தோட்டம், மனைவி மக்கள் எல்லாம் இருக்க, நாட்டு ஆயர்கள் எல்லோரும் செய்ததைச் செய்துவிட்டு வந்தால் என்ன? மோர் கேட்டார்: நம் வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பது போலத்தானே இங்கிருந்தும் சொர்க்கம் பக்கம்? ஆலிஸுக்கு இந்தப் பேச்சு பிடிக்கவில்லை. பாவம், வீட்டையும் வரவு செலவையும் தாங்கியவர் அவர். மார்கரெட்டும் பிரமாணம் செய்யச் சொல்லித்தான் வாதாடினார். அப்பாவை முழுக்கப் புரிந்துகொண்ட மகளுக்கும் அப்பா உயிரோடு வேண்டுமாயிருந்தது.

பிரமாணம் மறுத்ததற்குத் தண்டனை ஆயுள் சிறை, மரணம் இல்லை. ஆனால் 1534 நவம்பரில் ராஜாவைத் திருச்சபைத் தலைவராக்கும் சட்டம் வந்தது. கூடவே புதிய ராஜ துரோகச் சட்டமும் வந்தது: ராஜாவின் பட்டங்களைக் கெட்ட எண்ணத்தோடு வார்த்தையால் மறுத்தாலே மரணம். 'கெட்ட எண்ணத்தோடு', 'வார்த்தையால்'. இந்த இரண்டுக்கும் இடையில்தான் மோர் ஒளிந்துகொண்டார். வார்த்தையே இல்லையென்றால் குற்றம் ஏது? அவர் சாகத் துடித்தவர் இல்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். சட்டத்தில் இருந்த ஒவ்வொரு பொந்தையும் பயன்படுத்திப் பிழைத்திருக்கப் பார்த்தார். விசாரிக்க வந்தவர்களிடம் சொன்னார்: யாருக்கும் கெடுதல் செய்யவில்லை, சொல்லவில்லை, நினைக்கவில்லை. ஒருவன் உயிரோடு இருக்க இது போதாதென்றால் எனக்கு வாழ ஆசையில்லை. 1535 மே 4ஆம் தேதி, ஒருகாலத்தில் அவர் கூட இருந்து ஜெபித்த கார்த்தூசியன் துறவிகளைக் கொலைக்களத்துக்கு இழுத்துப் போவதைச் சிறை ஜன்னல் வழியாக மகளோடு நின்று பார்த்தார். ஜூன் 22ஆம் தேதி, மோரைப் போலவே பணிய மறுத்த ஆயர் ஜான் பிஷரின் தலை போயிற்று.

மோரின் மௌனத்தை உடைக்க வழி கிடைத்தது ஜூன் 12ஆம் தேதி. அவருடைய புத்தகங்களைப் பறிமுதல் செய்ய ஆட்கள் வந்தார்கள். கூட வந்த அரசு வக்கீல் ரிச்சர்ட் ரிச், சும்மா பேச்சுக் கொடுத்தார். நாடாளுமன்றம் என்னை ராஜா என்று சட்டம் போட்டால் ஏற்பீர்களா? ஏற்பேன். பதிலுக்கு மோர் கேட்டார்: கடவுள் கடவுள் இல்லை என்று நாடாளுமன்றம் சட்டம் போட்டால்? அதெப்படி முடியும் என்றார் ரிச். சரி, நடுவாக ஒன்று கேட்கிறேன், ராஜாவைத் திருச்சபைத் தலைவராக்கினால்? நாடாளுமன்றத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று மோர் பதில் சொன்னதாக ரிச் நீதிமன்றத்தில் சத்தியம் செய்தார். மோர் கொதித்துப்போனார். இத்தனை மாதம் ராஜாவிடமும் அமைச்சர்களிடமும் சொல்லாததை, வாய்ச்சவடாலும் சூதாட்டமும் என்று ஊரெல்லாம் பேர் வாங்கிய இவனிடமா சொல்வேன் என்று கேட்டார். அப்போது அறையில் புத்தகம் மூட்டை கட்டிய இருவரைக் கூப்பிட்டு விசாரித்தால், வேலை மும்முரத்தில் பேச்சைக் கவனிக்கவில்லை என்று நழுவிவிட்டார்கள்.

நீதிபதிகள் வரிசையில் ஆன் போலினின் அப்பா, சகோதரன், மாமா மூவரும் இருந்தார்கள். ஜூரிகள் கால் மணி நேரத்தில் திரும்பி வந்து 'குற்றவாளி' என்றார்கள். புதிய சான்சலர் ஆட்லி அவசரமாகத் தண்டனையைப் படிக்கத் தொடங்க, மோர் இடைமறித்தார்: நான் பதவியில் இருந்தபோது, தண்டனை கூறும் முன் கைதிக்கு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்பது வழக்கம். இனிக் காப்பாற்றிக்கொள்ள ஒன்றும் இல்லை என்று ஆன பிறகுதான் வாய் திறந்தார். திருச்சபையின் தலைமையைத் தீர்மானிக்க ஒரு நாட்டின் நாடாளுமன்றத்துக்கு அதிகாரமில்லை, லண்டன் நகரம் தனியாகச் சட்டம் போட்டு நாடாளுமன்றச் சட்டத்தைத் தள்ளிவிட முடியாதது போலத்தான் இதுவும் என்றார். பதினான்கு மாதம் அடக்கி வைத்திருந்தது அந்த ஒரு பேச்சில் வெளியே வந்தது.

திரும்பிச் சிறைக்குக் கொண்டுபோகும்போது, மார்கரெட் ஈட்டிக்காரர்களைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து அப்பாவைக் கட்டிக்கொண்டார். விலகிப் போனவர், தாங்க முடியாமல் மறுபடி ஓடிவந்து கட்டிக்கொண்டார். ஜூலை 5ஆம் தேதி மகளுக்குக் கரித்துண்டால் எழுதிய கடைசிக் கடிதத்தில், உலக மரியாதையைப் பார்க்காமல் அன்று நீ முத்தமிட்டபோது உன்னை எனக்கு எப்போதையும்விடப் பிடித்தது என்று எழுதினார். ரோமச் சட்டையையும் கூடவே அனுப்பிவிட்டார்.

மறுநாள் காலை, டவர் ஹில். மேடைப் படி ஆடிக்கொண்டிருந்தது. ஏறும்போது கை கொடுங்கள், இறங்குவதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அதிகாரியிடம் சொன்னார். ராஜாவின் நல்ல ஊழியனாகவும் அதற்கு முன் கடவுளின் ஊழியனாகவும் சாகிறேன் என்று கூடியிருந்தவர்களிடம் சொன்னார். தலையைக் கட்டையில் வைத்த பிறகு, சிறையில் வளர்ந்த தாடியை ஒதுக்கிவிட்டு, இது துரோகம் எதுவும் செய்யவில்லையே என்றதாகவும் ஒரு பேச்சு உண்டு.

பத்து மாதத்தில் ஆன் போலின் தலையும் போயிற்று. மோரைச் சிறைக்குள் விசாரித்த தாமஸ் குரோம்வெல்லுக்கு 1540இல் அதே டவர் ஹில். ரிச் மட்டும் நன்றாக வாழ்ந்து, சான்சலராகவும் ஆகி, படுக்கையில் செத்தார். 1935இல் திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் மோருக்கும் பிஷருக்கும் புனிதர் பட்டம் கொடுத்தார். 2000இல் இரண்டாம் ஜான் பால் மோரை அரசியல்வாதிகளின் பாதுகாவலர் என்று அறிவித்தார். அந்தப் புனிதருக்கு வேலைப் பளு அதிகம்தான்.

மோரின் தலையைப் பாதி வேகவைத்து லண்டன் பாலத்தில் கம்பில் குத்தி வைத்திருந்தார்கள். ஒரு மாதம் கழித்து அதை ஆற்றில் வீசவிருந்த நேரத்தில் மார்கரெட் வாங்கிக்கொண்டு போனார். அது இப்போது கேன்டர்பரியில், தூய டன்ஸ்டன் ஆலயத்தில், ரோப்பர் குடும்பக் கல்லறையில் இருக்கிறது. உடல் லண்டன் டவருக்குள்ளேயே புதைக்கப்பட்டது.

செல்சி ஆலயத்தில் அவர் உயிரோடிருக்கும்போதே தனக்குக் கட்டிவைத்த கல்லறை ஒன்றும் உண்டு. அதற்கான லத்தீன் வாசகத்தை, பதவி விலகிய 1532இல் அவரே எழுதினார். திருடர்களுக்கும் கொலைகாரர்களுக்கும் பதிதர்களுக்கும் தொல்லையாக இருந்தவன் என்று அதில் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டார். இன்று அந்தக் கல்லில் 'பதிதர்களுக்கும்' என்ற சொல் இல்லை. கொலைகாரர்களுக்கு அடுத்து, அந்தச் சொல்லுக்கான இடம் காலியாக விடப்பட்டிருக்கிறது.